மூணாறு உறைபனி: பயணிகளுக்குக் காட்சி, தொழிலாளர்களுக்குக் கூலி இழப்பு

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. மின்விசிறி சுழலாமல் உறங்க முடியாத இந்நகரில் அமர்ந்துகொண்டு, அதே மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேயிலைச் செடிகள் உறைந்து கருகுவதை உணர்வது எளிதல்ல. மூணாறு தோட்டத் தொழிலாளர்களின் நீண்டகாலச் சிக்கலும் அதுவே.

குளிர்காலம் தொடங்கியதும் "மூணாறில் பனிப்பொழிவு" என்ற செய்தி ஆண்டுதோறும் பரவுகிறது. சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர், விடுதிகள் நிரம்புகின்றன. உண்மையில் அங்கு இமயமலையைப் போல வெண்பனி பொழிவதில்லை. புல்லின் மீதும் இலைகளின் மீதும் படியும் ஈரம் உறைந்து வெண்மையாகத் தோன்றும் உறைபனியே அது. தமிழில் பனித்துளி, மூடுபனி, வெண்பனி அனைத்துக்கும் 'பனி' என்ற ஒரே சொல் வழங்குவதால் ஏற்படும் குழப்பம் இது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல் என்பது வேறு விஷயம்.

பள்ளத்தில் தேங்கும் குளிர்

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை நீடிக்கும் ஆண்டுகளில் மேகங்கள் போர்வையாக நின்று நிலத்தின் வெப்பத்தைக் காக்கின்றன. மழை முன்கூட்டியே ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால், காற்றில்லாத இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. கனமான குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. இதனால் மலை உச்சியைவிட செண்டுவாரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளின் தாழ்வான பகுதிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. 2019 ஜனவரியில் மூணாறு பகுதியில் வெப்பநிலை பூஜ்யத்திற்கும் கீழே சென்றது.

வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து நான்கு அடிக்கும் மேலான உயரத்தில் வைக்கப்படுகிறது. அதில் 2 அல்லது 3 டிகிரி பதிவாகும் இரவிலும், தரையை ஒட்டிய இலைகள் உறைந்துவிடக்கூடும். காலை வெயில் பட்டதும் கொழுந்து பழுப்பேறிக் கருகுகிறது. மீண்டும் துளிர்க்க வாரங்கள் ஆகின்றன. மலைப் பகுதிகளில் குறைந்தபட்ச வெப்பநிலை பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே சென்றால்தான் குளிர் அலை என்பதை இந்திய வானிலைத் துறை பரிசீலிக்கிறது. அதாவது, பதிவேட்டில் குளிர் அலை இல்லாத நாளிலும் செடி கருகலாம்.

இரட்டை இழப்பு

கொழுந்து பறிப்போருக்கு நாள் கூலியுடன், நிர்ணயிக்கப்பட்ட எடைக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கு ஊக்கத்தொகை உண்டு. செடி கருகினால் முதலில் மறைவது இந்தத் தொகைதான். தற்காலிகத் தொழிலாளர்களுக்கு வேலை நாள்களே குறைகின்றன.

மூணாறு தோட்டங்களின் பெரும்பகுதியை நடத்திவரும் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தில், 2005 முதல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது. விளைச்சல் குறைந்தால் கூலியில் ஒருமுறை, லாபப் பங்கில் மறுமுறை என இருவழியிலும் இழப்பு அவர்களையே சேர்கிறது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் நடத்திய போராட்டம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அதன் பின்னரே நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

பட்டியலில் உள்ளது, கைக்கு வருமா?

குளிர் அலையும் உறைபனியும் 2012-இல் மத்திய அரசின் இயற்கைப் பேரிடர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனவே மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி பெற வழி உண்டு. கேரளம் போன்ற மாநிலங்களில் இந்நிதியின் 75 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது.

ஆனால் விதிமுறைகள் நில உடைமையாளரை மையமாகக் கொண்டவை. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட விதிகளின்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர்ச் சேதம் ஏற்பட்டால், பல்லாண்டுப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதிகபட்சமாக 2 ஹெக்டேருக்கு வழங்கலாம். சிறு விவசாயிக்கு இது உதவும். அடுத்தவர் நிலத்தில் கொழுந்து பறிப்பவருக்கு இதில் இடமில்லை. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவவும் அதே விதிகளில் ஒரு பிரிவு உள்ளது. அதைப் பயன்படுத்த, பாதிக்கப்பட்ட குடும்பங்களை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தொடக்கம் தில்லியில் அல்ல, திருவனந்தபுரத்தில்தான்.

கம்பளிக்கும் சட்டம் இருந்தது

மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்குமாறு விதி வகுக்க 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அச்சட்டம் இணைக்கப்பட்டுவிட்டது. புதிய தொகுப்பின் கீழும் தோட்டங்களின் நலவசதிகள் குறித்து மாநிலங்கள் விதி வகுக்க முடியும். அந்த விதிகளில் கம்பளி இடம்பெறுமா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். பழைய லயங்களில் விடியற்காலை எழுந்து மலையேறுவோருக்கு அது சிறிய கேள்வியல்ல.

1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது, தமிழர் பெருமளவில் வாழும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துடன் சேர்ந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்களோடு 70 பேர் மண்ணில் புதைந்தபோதுதான் அம்மக்களின் குடியிருப்பு நிலை மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. உறைபனி உயிர்களை அவ்வாறு ஒரே இரவில் பறிப்பதில்லை. கூலியைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. அதனாலேயே அது சட்டமன்ற விவாதத்திற்கு எளிதில் வருவதில்லை. பயணிகள் படம் எடுக்கும் அந்த வெண்மை, வெயில் ஏறியதும் கரைந்துவிடும். கருகிய செடியின் கணக்கை யார் எழுதுவது என்பதைத் தலைநகரம்தான் முடிவு செய்ய வேண்டும்.