தறியில் இயங்கும் மூட்டுகள்

மருதமுனையில் சாறன் நெய்யும் ஒருவரின் உடலைக் கவனித்தால் மூட்டுகளைப் பற்றிப் பாதிப் பாடம் விளங்கிவிடும். கால் மிதிகட்டையை அழுத்துகிறது. ஒரு கை கயிற்றைச் சுண்டி இழுக்க, பாவுநூல்களுக்கு இடையே ஓடம் பாய்கிறது. மறு கை சட்டகத்தை இழுத்தடித்து ஊடுநூலை நெருக்குகிறது. கல்முனைக்கு வடக்கே உள்ள இந்தக் கரையோர ஊருக்குப் பெயர் தேடித் தந்த தொழில் இது.

மிதிக்கும் முழங்காலும் இழுக்கும் முழங்கையும் பிணையல் மூட்டுகள். கதவுப் பிணைச்சலைப் போலப் பெரும்பாலும் ஒரே தளத்தில்தான் மடங்கி நீளும். தோள் அப்படியல்ல. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமில்லாத ஒரு குழியில் பொருந்தியிருப்பதால் கையை எந்தப் பக்கமும் வீசலாம். பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவதும் தோள்தான். இடுப்பும் இதே பந்துக்கிண்ண வகைதான். ஆனால் அங்கே குழி ஆழம். உடற்பாரத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் அசைவு குறைந்து உறுதி கூடியிருக்கிறது.

நூல் அறுந்தால் தறி நிற்கும். அப்போது பெருவிரலும் சுட்டுவிரலும் மயிரளவு நூலைப் பிடித்து, முறுக்கி, முடிச்சுப் போடுகின்றன. பெருவிரலின் அடியில் உள்ள சேண மூட்டு இல்லாவிட்டால் அது மற்ற விரல்களுக்கு எதிரே வந்து இப்படி நூலைப் பிடிக்க முடியாது. உடலில் உள்ள மூட்டுகளில் மிக அழகான அமைப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்கத் தலை வலமும் இடமும் திரும்புகிறதே, அது சுழல் மூட்டின் வேலை. கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பில் நிமிர்ந்து நிற்கும் முளையைச் சுற்றி முதலாம் முள்ளெலும்பு திரும்புகிறது. கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது.

அசையாத மூட்டுகளும் உண்டு. வளர்ந்தவரின் மண்டையோட்டு எலும்புகள் பல்லுப் பல்லாகக் கோத்து இறுகியிருக்கின்றன. கைக்குழந்தையின் உச்சிக்குழி, அவை இன்னும் நெருங்கிச் சேராத இடம்.

அசையும் மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்துக்கு இரத்தக்குழாய் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமே அதற்கு உணவு தருகிறது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே ஊறும். ஆகவே தறியிலோ தையல் மெசினிலோ நெடுநேரம் இருப்பவர்கள் இடைக்கிடை எழும்பி நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். பெருவிரல் அடியில் நோவு நீடித்தாலோ முழங்கால் வீங்கினாலோ எண்ணெய் தடவி நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.