ஷாக் என்றால் கரண்ட் ஷாக் மட்டுமா?



ஷாக் என்றால் நமக்கு கரண்ட் ஷாக்தான் ஞாபகம் வரும். டாக்டர்கள் சொல்லும் ஷாக் வேறு. மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதுமான அளவு போய்ச் சேராத நிலைதான் அது. நம் உடம்பில் 4 முதல் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே ஆபத்து. அரிவாள் வெட்டு, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, தீக்காயம், நிற்காத வாந்திபேதி, சிலருக்குக் குளவி கொட்டினால்கூட ஷாக் வரும்.

முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, வேர்த்து ஒழுகும். நாடி வேகமாகவும் மெல்லிசாகவும் ஓடும். மேல்மூச்சு வாங்கும். தண்ணி தண்ணி என்பார், நிலைகொள்ளாமல் புரளுவார். அப்புறம் அடங்கிப் போவார். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். "வலி குறைஞ்சிடுச்சு, அசந்து தூங்குறா" என்று விட்டுவிடுகிறோம். அது தூக்கம் இல்லை, மூளைக்கு ரத்தம் போகவில்லை.

ரத்தம் வெளியே தெரியணும் என்பதும் இல்லை. மரத்திலிருந்து விழுந்தவருக்கு வயிற்றுக்குள்ளேயே கசியலாம். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

ஒருவரை 108-க்கு போன் போடச் சொல்லிவிட்டு, நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் எடுக்க வேண்டாம், மேலேயே இன்னொரு துணி வையுங்கள். காலை ஒரு அடி உயர்த்தி வைக்கலாம். தலை, முதுகு, இடுப்பு, காலில் அடிபட்டிருந்தால் கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியையும் வாந்தி எடுப்பவரையும் இடது பக்கம் ஒருக்களிக்க வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறவரைச் சாய்த்து உட்கார வையுங்கள். போர்வை போர்த்துங்கள், ஒத்தடம் வேண்டாம்.

சோடா, காபி எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும், ஆபரேஷன் வேண்டியிருந்தால் அதுவும் தொந்தரவு. உதட்டை நனைத்தால் போதும். பேதியால் சோர்ந்தவர் நினைவோடு விழுங்கினால் மட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பழக்கம்: மயங்கியவரை பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டு போவது. உட்கார வைத்தால் மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் கீழே இறங்கிவிடும்.

பிரசவித்தவளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். நனைந்த துணிகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று டாக்டர் அதைப் பார்த்துக் கணக்குப் போடுவார்.