பூவெட்டு மரவேலையும் அதன் மெருகும்

ஓய்வுக் காலத்தைப் பயனுறக் கழித்தற்குரிய கைப்பணிகளுள் பூவெட்டு மரவேலையும் ஒன்றாகும். வில்போல் வளைந்த சட்டத்தில் நூலிழை போன்ற வாளலகைப் பூட்டி, மெல்லிய பலகையிற் கொடியும் பூவும் பறவையும் தோன்ற ஊடறுத்தெடுப்பதே இவ்வேலை. இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஹொபீஸ்’ என்னும் வார இதழ் இதனை ஆங்கில இல்லங்களிற் பரவச் செய்தது. இன்று மின்விசையால் இயங்கும் வாள்கள் வந்துள்ளமையின் அறுத்தல் எளிதாயிற்று. அறுத்தபின் மெருகிடும் வேலையோ இன்னும் கையையும் பொறுமையையுமே நம்பி நிற்கின்றது.

நமக்கு இது புதிய கலை அன்று. உடுவில், இணுவில், சுன்னாகம் முதலிய வலிகாமத்து ஊர்களின் பழைய கல்வீடுகளிற் கதவு நிலைக்கு மேலே காற்றுப் புகுதற்கென அமைத்த பலகைகளில் இவ்வேலைப்பாட்டைக் காணலாம். போர்க்காலத்திலும், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னரும் கூரையிழந்து நின்ற வீடுகளோடு இவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவற்றுட் சில வேறொரு வகையால் அழிகின்றன. கலியாணத்துக்குக் கலியாணம் தடித்த எனாமல் வர்ணத்தை மேன்மேலும் பூசுவதால், சிறு துளைகள் தூர்ந்து, இதழின் கூர்மை மழுங்கிவிடுகின்றது. ஆதலின் மெருகிடல் வெறும் அலங்காரம் அன்று. வேலைப்பாட்டைக் காப்பதும் கெடுப்பதும் அதுவே.

இதன் காரணத்தை மரத்தின் அமைப்பிலே காணலாம். மரம் நுண்குழாய்களின் தொகுதி. குழாயின் பக்கத்தை விட அதன் வெட்டுவாய் பன்மடங்கு நீரை உறிஞ்சும். பூவெட்டுப் பலகையில் வளைவுதோறும் வெட்டுவாய் திறந்து நிற்கின்றது. அன்றியும், மரம் ஈரத்தால் நீளப்பாட்டிற் பெரும்பாலும் மாறாது, குறுக்கே விரியும், வறட்சியிற் சுருங்கும். இழைக்குக் குறுக்காக அமைந்த மெல்லிய காம்புகளே முதலில் ஒடியும். எனவே முகப்பை மட்டும் பளபளப்பாக்கி, உள்விளிம்பையும் பின்புறத்தையும் வெறுமனே விடுவது பெருந்தவறு. இருபுறமும் ஒத்த அளவிற் பூசாத பலகை வளைந்து கோணும்.

பூசுமுன் தேய்த்தல் வேண்டும். 120, 180, 220 என்னும் எண்களையுடைய அரத்தாள்களை அம்முறையே கொண்டு, இழையோட்டத்தின் வழியே தேய்த்தல் நன்று. கை புகாத துளைகளுக்கு, தென்னீர்க்கில் அரத்தாட் கீற்றைச் சுற்றி ஒட்டிய சிறு அரமே போதும். பின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடின், படுத்திருந்த நார்கள் எழும்பும். அவற்றை மெல்லத் தேய்த்துவிட்டுத் தூசியைத் தூரிகையால் முற்றும் நீக்குக.

வீட்டினுள்ளே வைக்கும் பொருள்களுக்கு அரக்கு மெருகு ஏற்றது. அரக்குப் பூச்சியின் பிசினாகிய அவலரக்கில் ஏறத்தாழ 100 கிராமை ஒரு லீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிற்றிற் கரைத்தால், முதற்பூச்சுக்குரிய நீர்த்த கரைசல் கிடைக்கும். அது வெட்டுவாயினுட் புகுந்து அடைக்கும். உலர்ந்தபின் இலேசாகத் தேய்த்து மீண்டும் பூசுக. தடித்த ஒரு பூச்சிலும் மெல்லிய நாலு பூச்சுச் சிறந்தது. ஆயினும் அரக்கு வெப்பத்துக்கும் நீருக்கும் இளகும் இயல்பினது; ஆதலால் வெயிலும் சாரலும் படுமிடங்களுக்கு எண்ணெய் வாணிஷே வேண்டும்.

எண்ணெய் பூசுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுத் திண்மமாகும். தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் அவ்வாறு இறுகா. பிசுபிசுத்துத் தூசியைப் பற்றும். கைக்கெட்டியது எதுவாயினும் எண்ணெய்தானே என்று பூசுதல் கூடாது. ஒட்சிசனை ஏற்கும்போது வெப்பமும் பிறக்குமாதலின், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே தீப்பற்றவும் கூடும். அத்தகைய துணியை விரித்துக் காயவிடுதல் அல்லது நீரில் அமிழ்த்துதல் கட்டாயம். முதிரை மரத்தூள் சிலருக்குத் தோலழற்சி தருமாதலின், அதனைத் தேய்ப்போர் உடலை மறைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் நலம்.

காலமும் கருதத்தக்கது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள மாரியில் காற்று ஈரமாயிருத்தலின் அரக்கு மெருகு வெண்மை பூக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நம்மூர்ச் செம்மண் தூசி ஈர வாணிஷிற் படிந்து விடும். மாரி கழிந்து சோளகம் எழுமுன் உள்ள வறண்ட மாதங்களிற் காற்றடங்கிய காலைப்பொழுதே தக்க வேளை.

பழைய பலகையைப் புதுக்குவோர் அதன் வர்ணத்தை உலர்நிலையிற் தேய்த்தலாகாது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வர்ணம் நீக்கும் களிம்பைத் தடவி இளக்கி, மழுங்கிய மரக்குச்சியால் வழித்தெடுப்பதே முறை. அதன்பின் அரக்காயினும் வாணிஷாயினும் மெல்லியதாகவே பூசுக.

மாணவர் தம் கையால் ஒரு சிறு பலகையை அறுத்து மெருகிட்டுப் பார்ப்பாராயின், பாட்டன் வீட்டுக் கதவின் மேலுள்ள பூவுக்கு எவ்வளவு உழைப்புச் சென்றதென்பதை உணர்வர். அவ்வாறு உணர்ந்தவர் கையில் அப்பூ இன்னொரு தலைமுறைக்கு நிலைபெறும்.