கோடு குறைந்தால் ஓட்டம் கூடும்: டிராகன் பால் படங்களும் ஒரு சின்னக் கணக்கும்

டிராகன் பால் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "சினிமாவில் அனிமேஷன் பிரமாதமா இருக்கு, டிவியில் மட்டும் ஏன் இப்படிச் சொதப்பினாங்க?" உடனே ஒருவர் பட்ஜெட் என்பார். இன்னொருவர், வரைகிறவங்களுக்கு அக்கறை இல்லை என்பார். மூன்றாமவர் மங்காவைப் புரட்டிக் காட்டி, "தோரியாமா கையால வரைஞ்சதுக்கு முன்னாடி எதுவும் நிக்காது" என்று பஞ்சாயத்தை முடித்துவைப்பார்.

இந்த மூன்று பதிலுமே எனக்குப் போதவில்லை. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்தும், சண்டைக் காட்சிகளை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தும் குறிப்பெடுத்து வந்தேன். அதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: நல்ல ஓவியமும் நல்ல ஓட்டமும் வரைகிறவரின் அதே நேரத்துக்காகப் போட்டி போடுகின்றன. ஒரு உருவத்துக்கு எத்தனை கோடு என்று முடிவு செய்யும்போதே, அது எவ்வளவு ஓடும் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

சுருக்கமாக வரலாறு

அகிரா தோரியாமாவின் மங்கா 1984 முதல் 1995 வரை வாரப் பத்திரிகையான ஷோனென் ஜம்ப்பில் வந்தது. மொத்தம் 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். தோயே அனிமேஷன் நிறுவனம் 1986இல் டிவி தொடரைத் தொடங்கியது. முதல் தொடர் 153 எபிசோட், அடுத்து வந்த டிராகன் பால் இசட் 291 எபிசோட். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார இடைவெளிதான்.

இதற்கு இணையாக சினிமாக்களும் வந்தன. 1989 முதல் 1995 வரை இசட் பெயரில் மட்டும் 13 படங்கள். பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டி, வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஓடும் சின்னப் படங்கள். பிறகு நீண்ட இடைவெளி விட்டு 2013, 2015, 2018, 2022 என்று நான்கு பெரிய படங்கள்.

இப்போ கணக்குக்கு வருவோம்

சினிமா என்பது நொடிக்கு 24 ஃப்ரேம். விளம்பரம் போக ஒரு டிவி எபிசோட் 22 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 × 60 × 24 = 31,680 ஃப்ரேம். இத்தனையும் யாரும் தனித்தனியாக வரைவதில்லை. ஜப்பானிய அனிமேஷனில் ஒரு ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று ஃப்ரேமுக்கு அப்படியே வைத்திருப்பார்கள். மூன்று ஃப்ரேமுக்கு ஒன்று என்றாலும் 10,560 ஓவியம் வேண்டும். ஆனால் வாராந்திரத் தொடர்களில் ஒரு எபிசோடுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூவாயிரம், நாலாயிரம் ஓவியங்கள்தான்.

அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. மீதி நேரம் எதுவும் அசையக்கூடாது, அல்லது வாய் மட்டும் அசையவேண்டும். இசட் தொடரில் இரண்டு பேர் பாறை மேல் நின்று முறைத்துக்கொண்டே இருப்பதும், சக்தியை ஏற்றுகிறேன் என்று பாதி எபிசோட் கத்துவதும், மேகமும் வானமும் வந்து வந்து போவதும் இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. தோரியாமா வாரத்துக்குப் பதினைந்து பக்கம்போலத்தான் வரைந்தார். வேகமாகக் கதையைச் சொன்னால் டிவி மங்காவை முந்திவிடும். அதனால் இழுத்தார்கள். "இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்தக் கிரகம் வெடித்துவிடும்" என்று ஃப்ரீஸா சொன்ன ஐந்து நிமிடம், வாரக்கணக்கில் ஓடியது ரசிகர்கள் மத்தியில் பழைய ஜோக்.

வாராவாரம் முகம் மாறுவது ஏன்?

ஒரு எபிசோட் தயாராகப் பல வாரம், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆனால் ஒளிபரப்பு வாரம் ஒன்று. எனவே பல குழுக்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு எபிசோடில் வேலை செய்யும். ஒவ்வொரு குழுவிலும் கீ அனிமேட்டர்கள் முக்கியமான நிலைகளை வரைவார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட ஓவியங்களை வேறு ஆட்கள் நிரப்புவார்கள். எல்லாம் ஒரே கை போலத் தெரியவேண்டும் என்பதற்காக அனிமேஷன் டைரக்டர் ஒருவர் மேலே ஒரு தாளை வைத்து முகங்களைத் திருத்துவார்.

குழு மாறினால் திருத்துகிற கையும் மாறும். அதனால்தான் ஒரு வாரம் கோகுவின் முகம் கூர்மையாகவும், அடுத்த வாரம் உப்பலாகவும் இருக்கும். பழகிய ரசிகர்கள் பெயர் போடுவதற்கு முன்பே இது யார் வரைந்தது என்று சொல்லிவிடுவார்கள். நவோதோஷி ஷிதாவின் சண்டை அசைவுகளையோ, சூப்பர் தொடரில் பழைய இசட் வாசனையோடு வரைந்த யூயா தகாஹாஷியின் முகங்களையோ அடையாளம் காண்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

சினிமாவில் இந்தச் சிக்கல் குறைவு. படம் முழுவதற்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கும், நிமிடத்துக்கு ஓவியங்களும் அதிகம் கிடைக்கும்.

ஒரே சண்டை, இரண்டு தடவை

நேரம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் என்ன? நல்லவேளையாக, டிராகன் பாலில் பரிசோதனைக்கூடம் மாதிரி ஒரு சந்தர்ப்பம் தானாகவே அமைந்திருக்கிறது.

2013இல் வந்த 'பேட்டில் ஆஃப் காட்ஸ்' படத்தில் கோகுவும் பீரஸும் கையோ சாமியின் குட்டிக் கிரகத்தில் மோதுவார்கள். கோகு ஒவ்வொரு நிலையாக ஏறி சூப்பர் சையன் 3 வரை போவார், பீரஸ் இரண்டே அடியில் அவரைச் சாய்ப்பார். 2015இல் 'டிராகன் பால் சூப்பர்' டிவி தொடர் அதே கதையை மறுபடி சொன்னது. அதே சண்டை ஐந்தாவது எபிசோடில் வந்தது. நிறுவனம் அதே தோயே. உருவ வடிவமைப்பும் அதே தடயோஷி யமமுரோ. கதையும் அதே. மாறியது கால அவகாசம். இந்தத் தொடர் அறிவிக்கப்பட்டது 2015 ஏப்ரல் இறுதியில், ஒளிபரப்பு தொடங்கியது ஜூலை 5.

விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்தாவது எபிசோடின் கோணல் முகங்கள் உலகம் முழுக்கக் கேலிப்படமாகச் சுற்றின. பிறகு ப்ளூரே வெளியீட்டுக்கு அந்த எபிசோடின் பல ஓவியங்களைத் திருத்தினார்கள். அவகாசம் கிடைத்ததும் அதே நிறுவனத்தால் அது முடிந்தது. "அவங்களுக்கு வரையத் தெரியாது" என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. தேதி மாறாது, கேட்ட அம்சங்கள் குறையாது என்றால், சத்தமில்லாமல் குறைவது தரம்தான். கடைசி நேரத்தில் பத்துப் பேரைக் கூடுதலாகச் சேர்த்தாலும், அவர்கள் வரைந்ததைத் திருத்தவேண்டிய சுமை அந்த ஒரு அனிமேஷன் டைரக்டர் தலையில்தான் விழும்.

தோரியாமாவின் சிக்கனம்

சரி, மங்கா ஏன் அவ்வளவு அழகாக நிற்கிறது? பலரும் நுணுக்கம் என்பார்கள். நான் நேர் எதிராகச் சொல்வேன். அவர் எதை வரையாமல் விட்டார் என்று பாருங்கள்.

தன்னை சோம்பேறி என்று அவரே சொல்லிக்கொள்வார். பெரும்பாலும் ஒரே ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு வாரத் தொடர் வரைந்தவர். சூப்பர் சையன் ஆனதும் கோகுவின் முடி பொன்னிறமாவதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கறுப்பு முடிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் மை நிரப்பவேண்டும். பொன்னிறம் என்றால் கறுப்பு வெள்ளைத் தாளில் சும்மா வெள்ளையாக விட்டுவிடலாம். சண்டைகள் ஏன் எப்போதும் பொட்டல் காட்டில் நடக்கின்றன? கட்டிடங்கள் வரைவது தொல்லை. சாம்பல் நிறத்துக்கு ஒட்டும் டோன் தாள்களையும் அவர் அதிகம் பயன்படுத்தவில்லை. வில்லன்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஃப்ரீஸா உருமாறி உருமாறிப் பயங்கரமாகப் போய், கடைசி வடிவத்தில் வழுவழுவென்று நாலைந்து கோட்டில் அடங்கிவிடுகிறான்.

இப்படி மிச்சம் பிடித்த உழைப்பையெல்லாம் அவர் உருவங்களின் நிலையிலும் திசையிலும் போட்டார். ஒரு கட்டத்தில் அடி இடமிருந்து வலம் போனால், அடுத்த கட்டத்தில் அடிபட்டவன் வலப்பக்கம் பறந்துகொண்டிருப்பான். யார் எங்கே, எந்த உயரத்தில், யாரைப் பார்த்துக்கொண்டு என்ற குழப்பமே வராது. அசையாத தாளில் ஓட்டம் தெரிவதற்குக் காரணம் இந்தத் தெளிவுதான்.

டிவிக்கும் சினிமாவுக்கும் போனபோது நடந்தது என்னவென்றால், காலப்போக்கில் கோடுகள் கூடின. தொடக்கத்தில் மினோரு மயேதாவின் வடிவமைப்பு உருண்டையாக, மென்மையாக இருந்தது. பிறகு வந்த யமமுரோவின் வடிவமைப்பில் தசைகளும் கூர்மைகளும் ஏறின. டிஜிட்டல் காலத்தில் தோல் மேல் பளபளப்பும் சேர்ந்துகொண்டது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தசைக்கோடும், ஒவ்வொரு நிழலின் எல்லையும் அடுத்த ஓவியத்திலும் அதே இடத்தில், சரியாகத் திரும்பி வரவேண்டும். ஒரு உருவத்தில் பத்துக் கோடு கூடினால் நாலாயிரம் ஓவியத்தில் நாற்பதாயிரம் கோடு. எங்கேயாவது தவறினால் தோல் நடுங்குவதுபோலத் தெரியும். அதனால் வரைகிறவர் உருவத்தை அதிகம் திருப்பவே பயப்படுவார்.

2018: கோட்டை அழித்த படம்

2018 டிசம்பரில் வந்த 'டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி' இந்தப் போக்கைத் திருப்பியது. இயக்கம் தட்சுயா நாகாமினே. உருவ வடிவமைப்புக்கு நவோஹிரோ ஷிந்தானி என்ற புது ஆள். அவர் செய்த முக்கியமான வேலை, எடுத்ததுதான். தசைக்கோடுகளைக் குறைத்தார், நிழலைச் சிக்கனப்படுத்தினார், பளபளப்பை நீக்கினார், உருவத்தை இலகுவாக்கினார். முதல் படங்கள் வெளியானபோது "கோகு மெலிஞ்சு போயிட்டாரே" என்று சிலர் முனகினார்கள்.

படம் வந்ததும் அந்த முனகல் அடங்கிவிட்டது. பனிப்பிரதேசத்தில் நடக்கும் அந்த நீண்ட சண்டையில் உடம்புகள் சுழல்கின்றன, வளைகின்றன, கேமரா அவர்களைச் சுற்றி ஓடுகிறது. கோடு குறைவாக இருந்ததால்தான் வரைகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறைத்த உருவம்தான் தோரியாமாவின் மங்காவுக்கு நெருக்கமாகவும் தெரிந்தது. அவர் தாளில் செய்த அதே சிக்கனத்தைத் திரையிலும் செய்ததால் வந்த ஒற்றுமை அது.

2022இல் 'சூப்பர் ஹீரோ' படம் முழுக்க முப்பரிமாண கணினி வரைகலைக்குப் போனது. அங்கே கணக்கே வேறு. ஒரு மாதிரியை உருவாக்கும்போது கோட்டுக்கான செலவு ஒரு தடவைதான். பிறகு எத்தனை ஃப்ரேம் ஓடினாலும் கோடு இலவசம். ஆனால் கையால் வரைகிறவர் நினைத்தபடி உருவத்தை இழுத்துப் பிசைகிற சுதந்திரம் எளிதில் கிடைக்காது, அதற்குத் தனியாக உழைக்கவேண்டும். பாசறை இரண்டாகப் பிரிந்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

நிறுத்திப் பார்க்கும் பழக்கம்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நம்ம தீர்ப்பு பெரும்பாலும் நிறுத்திய ஒரு ஃப்ரேமை வைத்து நடக்கிறது. வேகமான அசைவில் இடைப்பட்ட ஓவியத்தை வேண்டுமென்றே இழுத்து, நசுக்கி வரைவார்கள். ஓடும்போது அது கண்ணுக்கு வேகமாகத் தெரியும், நிறுத்தினால் கோரமாக இருக்கும். வேறு தொடரிலிருந்து ஒரு உதாரணம்: நருட்டோ ஷிப்புடெனின் 167ஆம் எபிசோட். பெயினோடு நடக்கும் அந்தச் சண்டையின் நிறுத்திய படங்களை வைத்து எவ்வளவு கேலி! அதே எபிசோடின் ஓட்டத்தை இன்றும் கொண்டாடுகிறவர்களும் உண்டு. அதே மாதிரி, அசையவே அசையாத ஒரு காட்சியின் அழகான முகத்தை எடுத்துவைத்து "இதுதான் தரம்" என்பதும் நடக்கிறது.

சூப்பரின் ஐந்தாவது எபிசோட் ஓவியங்கள் உண்மையிலேயே தவறியவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கான வசவு போய் விழுந்தது அட்டவணை போட்டவர் மேல் இல்லை, பெயர்ப் பட்டியலில் பெயர் இருந்த வரைகலைஞர்கள் மேல். ஷிப்புடென் சண்டை எதிர் ரகம். தெரிந்தே எடுத்த முடிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "மோசமான அனிமேஷன்" என்றால், துணிந்து வரைகிறவர்களுக்கும் அடி விழும். அடுத்த தடவை அவர்களும் பாதுகாப்பாக, அசையாத அழகான முகங்களையே தருவார்கள். நஷ்டம் நமக்குத்தான்.

நேரம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துபாருங்கள். 2013 படத்தின் பீரஸ் சண்டை, சூப்பர் ஐந்தாவது எபிசோட், 2018 ப்ரோலி மூன்றையும் சத்தத்தை அணைத்துவிட்டு வரிசையாகப் பாருங்கள். முதல் தடவை நிறுத்தாமல், இரண்டாம் தடவை ஃப்ரேம் ஃப்ரேமாக. கோகுவின் கையில் மட்டும் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். பிறகு மங்காவை எடுத்து ஏதாவது ஒரு சண்டைப் பக்கத்தில் அதே கையை எண்ணிப்பாருங்கள்.