கண் இருட்டுகிறது, தலை வலிக்கிறது: கண்ணாடி பவர் மட்டும்தான் காரணமா?

குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுகிறீர்கள். நிமிரும்போது கண்முன் எல்லாமே சாம்பல் நிறமாகிறது. 3, 4 விநாடியில் பார்வை திரும்பிவிடுகிறது. தலைவலி மட்டும் போகவில்லை.

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும்?

"ராத்திரியெல்லாம் ஃபோனையே பார்த்துக்கிட்டு இருந்தா அப்படித்தான்!" இல்லையென்றால், "பவர் ஏறியிருக்கும். சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்க்கலாம்."

அவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிப்பதற்குள் சுமார் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. ஆனால் சில நேரம் பிரச்சினை கண்ணில் இருப்பதில்லை. மண்டையோட்டுக்குள் கூடும் அழுத்தம்கூடப் பார்வையை மறைக்கலாம்.

எப்போது மறைகிறது, எவ்வளவு நேரம்?

இதைக் கவனித்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

• சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்து சட்டென்று எழும்போது எப்போதாவது கண் இருட்டினால், ரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கலாம். உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

• மின்னும் ஒளி, வளைந்து நெளியும் கோடுகள் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை தெரிந்து, பிறகு தலை வலித்தால், அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம்.

• குனிந்து நிமிரும்போது பார்வை சில விநாடி மறைகிறதா? படுத்தால் தலைவலி கூடுகிறதா? நாடித் துடிப்புக்கு ஏற்றபடி காதுக்குள் 'உஷ், உஷ்' என்று கேட்கிறதா? ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா? இவை தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பதற்கான அறிகுறிகள். காத்திருக்க வேண்டாம்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. பெரியவர்களின் உடலில் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர். ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். பழைய நீர் ரத்தத்தில் கலந்து வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அந்த வெளியேற்றம் குறைந்தால்? மண்டையோடு எலும்பு, அது விரிந்துகொடுக்காது. அதனால் அழுத்தம் கூடும். பார்வை நரம்பைச் சுற்றியும் இதே நீர் இருப்பதால் நரம்பு வீங்கத் தொடங்கும்.

கட்டி, ரத்தக் கட்டு, கிருமித்தொற்று போன்றவை இதற்குக் காரணமாகலாம். எதுவும் இல்லாமலும் அழுத்தம் உயரலாம். அதை 'இடியோபத்திக் இன்ட்ராகிரேனியல் ஹைப்பர்டென்ஷன்' என்பார்கள். இதுவும் வழக்கமான ரத்தக் கொதிப்பும் வேறு வேறு.

உடல் எடை அதிகமுள்ள இளம் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஆனால் ஆண்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் வரலாம்.

இளையர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று: முகப்பருவுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைகளால் சிலருக்கு இந்த அழுத்தம் உயரலாம். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினாலும் அப்படியே. தோழியின் மாத்திரையை வாங்கிப் போட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

"கண்ணாடிக் கடையில் ஓகேன்னு சொன்னாங்களே?"

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எழுத்துப் பலகை, பார்வையின் நடுப்பகுதியைத்தான் சோதிக்கிறது. நரம்பு வீங்கும்போது பெரும்பாலும் முதலில் குறைவது பக்கவாட்டுப் பார்வை. கடைசி வரியைச் சரளமாகப் படிப்பவருக்கும் நரம்பு வீங்கியிருக்கலாம்.

அதனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பைப் பார்த்தீங்களா?"

சொட்டுமருந்து விட்டுக் கண்மணியை விரிவாக்கிப் பார்ப்பார்கள். சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். வீக்கம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள்.

ஸ்கேனில் கட்டி இல்லை என்றால் நிம்மதிதான். ஆனால் "ஒண்ணுமே இல்ல" என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சரியாகுமா?

பெரும்பாலோருக்குக் கட்டுப்படுத்தலாம். அசெட்டசோலமைட் என்ற மாத்திரை நீர் சுரப்பதைக் குறைக்கும். விரல்கள் குறுகுறுக்கலாம், கோலாவின் ருசிகூட மாறித் தெரியலாம். எடை அதிகம் இருந்தால் குறைப்பது நன்கு உதவும். பார்வை வேகமாகக் குறைந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

ஆனால் செத்துப்போன நரம்பிழைகள் திரும்ப வளராது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

எப்போது 995-ஐ அழைக்கவேண்டும்?

திடீரென்று பார்வை போனாலோ, கை கால் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே அழையுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், இதுவரை இல்லாத அளவுக்குத் தலைவலி திடீரென்று தாக்கினாலும் தாமதிக்கவேண்டாம்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

"தலை சுத்துது" என்பதோடு நிறுத்தாதீர்கள். அறையே சுற்றுகிறதா, மயக்கம் வருவதுபோல் இருக்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

ஒரு கண்ணை மூடி, பிறகு அடுத்ததை மூடிப் பாருங்கள். எந்தக் கண், எத்தனை விநாடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கைப்பேசியில் குறித்துவையுங்கள்.

வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையா? அந்தக் குறிப்பையே காட்டுங்கள். "கண்ணு சரியில்ல" என்பதைவிட, "இந்த வாரம் 6 தடவை, குனியும்போதெல்லாம் கண்ணு இருட்டிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பார்கள்.