டிராக் பந்தயக் கார்: பாகங்களின் வடிவமைப்பும் சோதனையும்

நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர் தொலைவை முதலில் கடப்பவர் வெல்லும் போட்டி டிராக் பந்தயம் எனப்படும். இதற்கென்றே தொழிற்சாலையில் கட்டி விற்கப்படும் கார்களும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு 2008-இல் 50 மஸ்டாங் கோப்ரா ஜெட் கார்களையும், செவர்லே 2012-இல் 69 கோபோ கமாரோ கார்களையும் இவ்வாறு தயாரித்தன. இவை பொதுச் சாலையில் ஓட்டுவதற்கானவை அல்ல.

பாகங்கள் தாங்கும் விசை

ஒரு கார் 402 மீட்டரை 9 நொடியில் சீரான முடுக்கத்துடன் கடப்பதாகக் கொள்வோம். s = ½at² என்ற சமன்பாட்டின்படி முடுக்கம் 9.9 மீ/வி². மேலிருந்து விழும் கல்லின் முடுக்கமும் ஏறத்தாழ இதுவே. காரின் நிறை 1,500 கிலோ எனில், சக்கரங்கள் தரையில் செலுத்த வேண்டிய விசை ஏறக்குறைய 15,000 நியூட்டன். உண்மையில் புறப்படும் கணத்தில் விசை இதைவிடவும் அதிகம். எஞ்சினிலிருந்து கிளட்ச், கியர் பெட்டி, அச்சு வழியாகவே அது டயரை அடைகிறது. இவற்றில் பலவீனமான பாகம் முதலில் முறியும்.

சோதனை முறைகள்

எஞ்சினை டைனமோமீட்டரில் பூட்டிச் சுமை கொடுத்து, அதன் திறனும் முறுக்குவிசையும் அளக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை எஃகுப் பாகங்களில் காட்டுவது காந்தத்துகள் சோதனை. ஒருமுறை தாங்கிய அச்சு நூறாவது முறை முறியலாம். உலோகச் சோர்வு என்பது இதுதான். ஆகவே மாதிரி அச்சைத் திரும்பத் திரும்ப முறுக்கி, முறியும் வரை சோதிப்பார்கள்.

சென்னையின் மேற்குப் பகுதியில்

அம்பத்தூரை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் ஆகியவை முறையே பிரேக், சக்கரம், போல்ட் போன்றவற்றைத் தயாரித்து வளர்ந்தவை. அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஆவடியில் உள்ளது. பந்தயக் கார் இங்கே தயாராவதில்லை. ஆனால் சோதித்த பிறகே பாகத்தை வண்டியில் பூட்டுவது என்ற விதி இங்கும் அதுவே.

மாணவர்கள் கவனத்திற்கு

எஞ்சினின் திறனை மட்டும் கூட்டி, பிரேக்கையும் அச்சையும் பழையபடியே விட்டால், கூடுதல் விசை அந்தப் பாகங்களின் மேல்தான் விழும். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 189-இன்படி தண்டனைக்குரிய குற்றம். ஆர்வமுள்ளவர்களுக்குப் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கே நடந்துள்ளன.