தோட்டத்து வாசலே சந்தை: தேனி – குமுளி சாலை திராட்சை விவசாயிகளுக்கு

தேனியிலிருந்து குமுளிக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. இருபுறமும் மலை, நடுவே நெல் வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். தேக்கடிக்கும் சபரிமலைக்கும் செல்வோர் வழியில் வண்டியை நிறுத்தி, பந்தலைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பந்தலுக்கு உரியவருக்கோ இதனால் பெரிய வரவு இல்லை. பழம் வியாபாரியின் பெட்டியில் ஏறி வெளியூர் போகிறது. அவர் சொன்னதே விலை.

விளைச்சலில் ஒரு சிறு பங்கையாவது தோட்டத்து வாசலில் விற்றால் கைக்கு நேரடியாகக் காசு வரும். ஆனால் அதற்குக் கவாத்து செய்யும் நாளிலிருந்தே திட்டமிட வேண்டும்.

வழிநெடுக வரலாறு

வெளியூரார் பழத்துக்காக மட்டும் நிற்பதில்லை. ஊரின் கதையையும் கேட்கிறார்கள். அதை நாம் அறிந்திருப்பது நல்லது.

தேனியை அடுத்து வருவது வீரபாண்டி. இங்குள்ள கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் கூடும். அடுத்தது சின்னமனூர். பாண்டியர் வரலாற்றுக்குச் சான்றாக உள்ள செப்பேடுகள் கிடைத்த ஊர் இது. உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய சமணத் திருவுருவங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். கம்பத்திலிருந்து பிரிந்து சுருளி அருவிக்குச் செல்லும் பாதையில், சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்கள் நிறைய உண்டு.

கூடலூரைத் தாண்டினால் லோயர்கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013-இல் இங்கு திறக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த நீரை அணையில் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் பயிராவது இந்த நீரால்தான். பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15-ஆம் நாள் இப்பகுதி விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

கவாத்துக்கு ஏற்ற மாதம்

பன்னீர் திராட்சையில் கவாத்து செய்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். சாலையில் கூட்டம் மிகும் காலம் இரண்டு. ஒன்று, ஏப்ரல், மே மாதக் கோடை விடுமுறை. மற்றொன்று, கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் செல்லும் காலம்.

கோடை விற்பனைக்கு டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்ய வேண்டும். கொடி பூத்துக் காய்க்கும் காலத்தில் மழை குறைவு. புதிதாக வாசல் விற்பனை தொடங்குவோருக்கு இதுவே ஏற்ற பருவம்.

மார்கழியில் பழம் வேண்டுமென்றால் ஆவணியில் கவாத்து செய்ய வேண்டும். அப்போது தளிரும் பூவும் வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். அடிச்சாம்பல் நோய் கொத்தையே அழித்துவிடக்கூடும். கூட்டத்தை நம்பித் தோட்டம் முழுவதையும் இந்தப் பருவத்துக்குத் திருப்புவது ஆபத்து. துணிந்தவர்கள் ஒரு பகுதியில் மட்டும் செய்து பார்க்கலாம்.

வாசல் விற்பனைக்கு ஒதுக்கும் கொடிகளை ஒரே நாளில் கவாத்து செய்யாமல், பத்து நாள் இடைவெளியில் மூன்று பகுதிகளாகச் செய்தால், பழம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

பழுத்த பிறகே பறியுங்கள்

திராட்சை, மாம்பழத்தைப் போலவோ வாழையைப் போலவோ பறித்த பின் பழுப்பதில்லை. கொடியில் இருக்கும்போது ஏறிய இனிப்பே கடைசி வரை. நிறம் வந்ததை மட்டும் பார்த்துப் பறிக்கக்கூடாது. கொத்தின் நுனியில் உள்ள பழம்தான் கடைசியாகப் பழுக்கும். அதைச் சுவைத்துப் பாருங்கள். அது இனித்தால் கொத்து முழுவதும் தயார்.

காலை வெயில் ஏறுமுன், காம்பைப் பிடித்துக் கத்தரியால் வெட்டி நிழலில் வையுங்கள். பழத்தின் மேல் வெண்ணிறமாகப் படிந்திருப்பது இயற்கையான பூச்சு. அதைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். கழுவி அடுக்கி வைத்தாலும் பழம் விரைவில் கெடும். வாங்குபவர் உண்ணும்போது கழுவிக்கொள்ளட்டும்.

பழுத்த கொத்தில் மழை பட்டால் பழம் வெடிக்கும். ஆகவே வியாபாரியை அடியோடு விட்டுவிட வேண்டாம். முதல் ஆண்டில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாசலுக்குப் போதும்.

வாசலில் கவனிக்க வேண்டியவை

1. மருந்து தெளித்தபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது மருந்துப் பெட்டியின் சீட்டில் இருக்கும். அந்த நாட்கள் முடியும்வரை பழமும் விற்கக்கூடாது. யாரையும் பந்தலுக்குள் விடவும் கூடாது. குழந்தைகள் கைக்கெட்டியதைப் பறித்து வாயில் போட்டுவிடுவார்கள்.

2. முத்திரையிட்ட தராசையே பயன்படுத்துங்கள். கிலோ விலையைப் பெரிதாக எழுதி வையுங்கள். கார் எண்ணைப் பார்த்து விலை சொல்ல வேண்டாம்.

3. வண்டி நிறுத்தச் சாலைக்கு வெளியே இடம் ஒதுக்குங்கள். வளைவில் கடை போட வேண்டாம்.

4. பழமாக விற்பது வேறு. சாறு பிழிந்து விற்பது வேறு. சாறு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, சுத்தமான தண்ணீர் பயன்படுத்த வேண்டும்.

5. வெளியூர்ப் பழத்தை வாங்கி வைத்துத் தோட்டத்துப் பழம் என்று விற்கக்கூடாது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் பள்ளத்தாக்கில் உள்ள எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் புளித்த பழத்தைக் கொடுத்து ஏமாற்றினால், அடுத்த தோட்டத்து வாசலில் வண்டி நிற்காது. ஏமாந்தவர் திரும்பும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நல்ல பழம் பெற்றவரோ, அடுத்த முறை அதே பந்தலைத் தேடி வருவார்.